காய்ச்சல் குழந்தையின் சிறுநீரகமும் ஒரு வைட்டமின் கேள்வியும்

கைக்குழந்தைக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. பல் முளைக்கிற காய்ச்சல் என்கிறார் பாட்டி. சூடு பிடித்திருக்கிறது, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். முதல் நாள் பாராசிட்டமால் சொட்டு மருந்து. இரண்டாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப், அதுவும் இரண்டு வேளையோடு நிறுத்தப்படுகிறது. காய்ச்சல் கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஐந்தாம் நாள்தான் ஒரு மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். அதற்குள் அந்தக் குழந்தையின் சிறுநீரகத்தில் ஒரு பகுதி புண்ணாகி, ஆறாத தழும்புக்கான வேலை உள்ளே தொடங்கியிருக்கலாம்.

அந்தத் தழும்பைத் தடுக்க, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கொடுத்தால் பலன் இருக்குமா? நாற்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களிலும் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. கேள்வி வலுவானது, அதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் இன்றுவரை யாரும் அதற்கு முழுமையாக விடை தேடவில்லை. காரணம் எளிது: சில ரூபாய்க்குக் கிடைக்கும் வைட்டமினால் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. இந்த விடையை அரசுப் பணத்தில், நம் மருத்துவமனைகளில், போதிய எண்ணிக்கையில் குழந்தைகளைச் சேர்த்துத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடை கிடைக்கும்வரை அந்த வைட்டமின் சிரப் மருந்துச் சீட்டில் ஏறக் கூடாது என்பதும்தான். அங்கே முதலில் ஏற வேண்டியது வேறொன்று.

நோயின் அளவை முதலில் பார்ப்போம். காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். ஸ்வீடனில் பள்ளிக்கு வந்து சேர்ந்த குழந்தைகளிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பில், ஏழு வயதுக்குள் சிறுநீர்த் தொற்று வந்துபோனவர்கள் பெண் குழந்தைகளில் 7.8 சதவீதம், ஆண் குழந்தைகளில் 1.6 சதவீதம். பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை கிருமி. அது சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் போவது என்ற தொல்லைகளோடு முடியும். மேலேறிச் சிறுநீரகத்துக்குள் போய்விட்டால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே வலி. பேசத் தெரிந்த பிள்ளை வலியைச் சொல்லும். கைக்குழந்தையிடம் தெரிவது காய்ச்சல் மட்டும்தான். சில நேரம் பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும், அவ்வளவுதான்.

முதல் தொற்று வந்த குழந்தைகளைச் சிறுநீரகத் திசுவின் பாதிப்பைக் காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2010இல் வெளிவந்தது. நோயின் உச்சத்தில் எடுத்த ஸ்கேனில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகத்தில் அழற்சி தெரிந்தது. மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் 15 சதவீதத்தினரிடம் தழும்பு நிலைத்துவிட்டிருந்தது. ஒரு சிறுநீரகத்தில் சிறு தழும்பு உள்ள பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். பெற்றோர் இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். இரண்டு சிறுநீரகங்களிலும் தழும்பு விழுந்தவர்கள், அடுத்தடுத்துத் தொற்று வந்தவர்கள், சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கே ஏறும் கோளாறு கடுமையாக உள்ளவர்கள் ஆகியோர் கதை வேறு. இளம் வயதிலேயே உயர் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் கசிதல், பெண்களானால் கர்ப்ப காலச் சிக்கல், சிலருக்கு டயாலிசிஸ்வரை அது போகும்.

தழும்பை உண்டாக்குவது கிருமி மட்டுமல்ல. ஆன்டிஆக்ஸிடன்ட் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிருமி நுழைந்ததும் ரத்த வெள்ளை அணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை ஆக்ஸிஜனை உறிஞ்சி, சூப்பராக்ஸைடு என்ற கொடிய வீரியமுள்ள மூலக்கூறாக மாற்றிக் கிருமிமேல் வீசுகின்றன. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடும், துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலில் உள்ள அதே ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. வெள்ளை அணுக்கள் இப்படிச் சூப்பராக்ஸைடை உற்பத்தி செய்கின்றன என்று 1973இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் பேபியர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1969இல், ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அந்தச் சூப்பராக்ஸைடைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று நம் உடலிலேயே இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். தாக்கும் பொருளும் அதைத் தணிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருளும் ஒரே உடலில் இருக்கின்றன. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்குக் கேடு வருவது, தாக்குதல் மிகுந்து தணிப்பு போதாமல் போகும்போது. கிருமிக்காக வீசப்பட்டது சொந்தத் திசுவையும் பொசுக்கிவிடுகிறது. பொசுங்கிய இடத்தை உடல் நார்த்திசுவால் நிரப்புகிறது. தழும்பு அதுதான்.

இதைக் குரங்குகளில் சோதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டுலேன் பல்கலைக்கழகத்தின் குரங்கு ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் சிறுநீரகத் தொற்றை ஆராய்ந்தவர். சூப்பராக்ஸைடைத் தணிக்கும் அந்த நொதியைக் கொடுத்த குரங்குகளின் சிறுநீரகத்தில் சேதம் குறைந்தது என்று 1982இல் அவரது குழு வெளியிட்டது. எலிகளில் வைட்டமின் ஏ, ஈ இரண்டும் சிறுநீரக அழற்சியைத் தணித்தன என்று 1999இல் வேறொரு குழு காட்டியது. கடுமையான தொற்றுக் காய்ச்சலின்போது உடல் தன் வைட்டமின் ஏ இருப்பில் ஒரு பகுதியைச் சிறுநீர் வழியாகவே இழக்கிறது என்று 1994இல் தெரியவந்ததும் இந்த யோசனைக்கு வலு சேர்த்தது. வைட்டமின் ஏ ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதைவிட, சிறுநீர்ப் பாதையின் உள்தோலைப் புதுப்பிக்கும் பொருள் என்பதால்தான் பலன் தரக்கூடும் என்று கருதுவோரும் உண்டு. எனக்கு அந்த விளக்கம்தான் கூடுதல் நியாயமாகப் படுகிறது.

பிறகு குழந்தைகளிடம் ஆய்வுகள் தொடங்கின. அவற்றில் கணிசமானவை ஈரானிலிருந்து வந்தவை. பொருளாதாரத் தடைகளுக்கு நடுவே, விலை குறைந்த மருந்து ஒன்றுக்காக அங்குள்ள குழந்தைகள் நல மருத்துவர்கள் உழைத்திருப்பதை மரியாதையுடன் குறிப்பிட வேண்டும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 61 குழந்தைகள். ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே வைட்டமின் ஏ அல்லது ஈ பெற்றவர்களுக்குத் தழும்பு குறைவு என்று அது சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து 152 சிறுமிகளிடம் வைட்டமின் ஈ பரிசோதிக்கப்பட்டது. காய்ச்சலும் சிறுநீர்த் தொல்லைகளும் சீக்கிரம் தணிந்தன. ஆனால் மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் வேறுபாடு இல்லை. 2019இல் அராக் நகரத்திலிருந்து வந்த ஆய்வில் 74 சிறுமிகள்; வைட்டமின் ஏ பெற்றவர்களுக்குத் தழும்பு குறைந்தது. இவற்றையும் இவை போன்ற மற்றவற்றையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், வைட்டமின் ஏ தழும்பைக் குறைப்பதாகத் தோன்றுகிறது என்கிறார்கள்.

தோன்றுகிறது என்பதற்கு மேல் போக முடியவில்லை. 61, 74, 152 என்ற எண்ணிக்கைகளை வைத்து ஓர் உலக வழக்கத்தை மாற்ற முடியாது. இந்த வகை ஆய்வுகளில் முதல் ஸ்கேனுக்கு வந்த குழந்தைகள் பலர் இரண்டாவது ஸ்கேனுக்கு வருவதில்லை. பிள்ளை குணமாகிவிட்டது, பிறகு எதற்கு ஊசி குத்திக் கதிரியக்க மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. வந்தவர்களும் வராதவர்களும் ஒரே மாதிரியானவர்கள்தானா என்பது தெரியாமல் போகிறது. மேலும், எந்த ஆய்வும் தழும்பு விழுந்த பெண் குழந்தை முப்பது வயதில் கர்ப்பமாகும்போது ரத்த அழுத்தம் எப்படி இருக்கும் என்பதுவரை போகவில்லை. அளக்கப்பட்டது ஸ்கேன் படத்தில் விழுந்த நிழல் மட்டும்.

அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் இதே கதிதான். தைவானில் 84 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் பலன் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவில் 546 குழந்தைகளைச் சேர்த்து, மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து, 2020இல் வெளியிட்ட ஆய்வில் தழும்பு ஸ்டீராய்டு பெற்றவர்களில் 9.8 சதவீதம், பெறாதவர்களில் 16.8 சதவீதம். படிக்கும்போது பெரிய வேறுபாடாகத் தெரிகிறது. ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் கணக்கால் மறுக்க முடியவில்லை. திட்டமிட்ட அளவுக்குக் குழந்தைகளைச் சேர்க்க முடியாமல் போனதுதான் காரணம். அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

வைட்டமின்தானே, கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கேள்விக்குச் செல்வாக்கு அதிகம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அட்டையில் அச்சிட்ட சிரப்பை எந்த நோய்க்கும் துணை மருந்தாக எழுதும் பழக்கம் வேர்விட்டுவிட்டது. அதனால் சில பழைய செய்திகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, சூப்பராக்ஸைடு வேண்டாத கழிவு அல்ல. அதை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று அதற்குப் பெயர். அவர்களது வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் கொல்ல முடியவில்லை. நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, குழந்தைப் பருவத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிறது. ஆகவே தணிப்பு மருந்து எந்த நேரத்தில், எந்த அளவில், எந்த ஆன்டிபயாடிக்கின் துணையோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிருமி வசப்படாத ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு மேலே வைட்டமினையும் சேர்ப்பது என்ன விளைவைத் தரும் என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, பின்லாந்து. அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம், வைட்டமின் ஏயின் மூலப்பொருளான பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று ஆராய்ந்தார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்குப் புற்றுநோய் குறைவு என்று முந்தைய கணிப்புகள் எல்லாம் சொல்லியிருந்தன. 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ தடுக்கவும் இல்லை.

மூன்றாவது, குழந்தைகளைப் பற்றியது என்பதால் சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1983-84இல், குறைமாதக் குழந்தைகளின் கண்ணைக் காக்கலாம் என்று ஈ-ஃபெரால் என்ற வைட்டமின் ஈ ஊசி மருந்து விற்பனைக்கு வந்தது. முறையான பரிசோதனையும் ஒப்புதலும் இல்லாமலேயே வந்தது. 38 சிசுக்களின் மரணத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. வைட்டமினைக் கரைக்கச் சேர்த்த பொருள்தான் முதன்மைக் குற்றவாளி என்று பின்னர் கருதப்பட்டது. வைட்டமின்தானே என்ற அலட்சியம்தான் அந்த மருந்துக்கு வழி திறந்துவிட்டது.

வைட்டமின் ஏ விஷயத்தில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியத் திட்டத்தின்படி ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட்டில் தொடங்கி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் யூனிட் வீதம், ஐந்து வயதுக்குள் ஒன்பது தவணை சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது; வழக்கமாக மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, கல்லீரலில் சேரும். அளவு மீறினால் மண்டைக்குள் அழுத்தம் கூடி, வாந்தியும் தலைவலியும் வரும். கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைக்கும். போன வாரம் அங்கன்வாடியில் இரண்டு லட்சம் யூனிட் குடித்த குழந்தைக்கு, இந்த வாரம் சிறுநீரகத் தொற்று என்று இன்னொரு பத்து நாள் வைட்டமின் ஏ கொடுக்கலாமா? ஈரான் ஆய்வுகளில் இதற்கு விடை இல்லை. நாம்தான் தேட வேண்டும்.

தேட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1990இல் உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. முதன்மை ஆசிரியர் லட்சுமி ரஹ்மத்துல்லா. திருச்சி வட்டாரக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளுக்கு ஓர் ஆண்டு முழுவதும், வாரந்தோறும், வீடு தேடிப் போய் மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிறிய அளவில் வைட்டமின் ஏயும் வைட்டமின் ஈயும். ஒப்பீட்டுப் பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். மருந்தோடு போன பணியாளர்கள் ஒவ்வொரு வாரமும் குழந்தை உயிரோடும் நலத்தோடும் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆண்டு முடிவில் வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. சைக்கிளும் நோட்டுப் புத்தகமும் பொறுமையும் கொண்டு, உலகமே திரும்பிப் பார்த்த விடையை ஒரு மாவட்டத்தின் கிராமங்கள் கொடுத்தன.

கதை அத்தோடு முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்த டெவ்டா ஆய்வின் முடிவு 2013இல் வந்தபோது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தந்த வைட்டமின் ஏ மரணத்தைக் குறைத்தது வெறும் நான்கு சதவீதம். அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. மருந்து உண்மையில் குழந்தைகளைப் போய்ச் சேர்ந்ததா, தவணை முறை வேறு என்பதாலா, குழந்தைகளின் ஊட்டநிலை வேறு என்பதாலா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஒரே வைட்டமின், ஒரே நாடு, இரண்டு விடைகள். சிறுநீரகத் தொற்றில் அறுபது, எழுபது குழந்தைகளின் முடிவை வைத்து நாம் ஏன் அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிடச் சொந்தமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

அப்படியானால் இன்று காய்ச்சலோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் குழந்தைக்கு என்ன வழி? தழும்பைக் குறைக்க நமக்கு உறுதியாகத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: சீக்கிரம் கண்டுபிடிப்பது. லண்டனில் ரான்ஸ்லியும் ரிஸ்டனும் பன்றிக் குட்டிகளில், தொற்று தொடங்கியதும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் தழும்பின் அளவு குறைகிறது என்று 1981இல் காட்டினார்கள். குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது 2016இல். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த 482 குழந்தைகளை அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். தழும்பு விழாதவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் காய்ச்சல் நீடித்த நேரம் நடுமதிப்பாக 48 மணி. தழும்பு விழுந்தவர்களுக்கு 72 மணி. இடையே ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாள்தான் நம் வீடுகளிலும் மருந்துக்கடைகளிலும் வீணாகிறது. வேறு காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் கைக்குழந்தையின் சிறுநீரை முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பார்த்துவிட வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்பது தெரியாமல் இருட்டில் மருந்து கொடுக்க வேண்டியதுதான். எதிர்ப்பாற்றல் பெற்ற ஈ.கோலை இந்தியாவில் பெருகிவிட்ட நிலையில் இது சாதாரண இழப்பு அல்ல. பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தெருவில் அது கடைப்பிடிக்கப்படுகிறது என்று வாசகர்களே சொல்லட்டும்.

கைக்குழந்தையிடம் சுத்தமான சிறுநீர் பிடிப்பது கடினம் என்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம். பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடித்தால் தோலில் உள்ள கிருமி கலந்து பொய் முடிவு வரும். கதீட்டர் போட்டு எடுத்தால் நம்பகமானது, ஆனால் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். மெல்போர்னில் ஒரு குழு மிக எளிய வழியைச் சோதித்துப் பார்த்தது. பிறப்புறுப்பைச் சுத்தம் செய்துவிட்டு, அடிவயிற்றில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து மெதுவாகத் தேய்ப்பது. ஒரு வயதுக்குட்பட்ட 354 குழந்தைகளை வைத்து நடந்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தவர்கள் 31 சதவீதம். சும்மா காத்திருந்தவர்களில் 12 சதவீதம்தான். குளிர்ந்த நீரும் ஒரு துண்டுத் துணியும் இல்லாத ஆரம்பச் சுகாதார நிலையம் தமிழ்நாட்டில் இல்லை. உடனடி முடிவு தரும் சிறுநீர்ப் பட்டையும் விலை குறைந்ததுதான். கிராமச் சுகாதாரச் செவிலியரின் பையில் அது இருக்க வேண்டும். காய்ச்சல் குழந்தைக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லும் எழுத்துபூர்வமான ஆணையும் இருக்க வேண்டும்.

சிகிச்சையும் எட்டாக்கனி அல்ல. வாய்வழி ஆன்டிபயாடிக்கான செஃபிக்ஸிமும் ஊசி வழி மருந்தும் ஒரே பலன் தருகின்றன என்று 306 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 1999லேயே காட்டிவிட்டது. வாந்தி எடுக்காத, மிகச் சோர்ந்துவிடாத, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே குணப்படுத்த முடியும், கிருமி அந்த மருந்துக்கு அடங்கினால். பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுப்பதில் தவறில்லை, தண்ணீர்ச்சத்து நல்லதுதான். அவற்றை மருந்தாக நினைத்து ஒரு நாள் காத்திருப்பதுதான் தவறு.

வளர்ந்த பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், மாலைவரை அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் மாணவிகளை நாம் அனைவரும் அறிவோம். சிறுநீரை அடக்குவதும் மலச்சிக்கலும் திரும்பத் திரும்பத் தொற்று வர முக்கியக் காரணங்கள். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போட முடிகிற கழிப்பறை அவர்களுக்குச் சிறுநீரக மருத்துவம்தான்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் சில குழந்தைகளுக்குத் தழும்பு விழும். தாமதமாக வருபவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். தினசரித் தடுப்பு ஆன்டிபயாடிக் அதற்குத் தீர்வாகவில்லை. சிறுநீர் பின்னேறும் கோளாறு உள்ள 607 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ரிவர் ஆய்வில், தொற்று திரும்ப வருவது பாதியாகக் குறைந்தது. தழும்பு மட்டும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே தணிப்பு மருந்து பற்றிய கேள்வியை மூடிவைக்க நமக்கு உரிமை இல்லை. வைட்டமின் ஏ உண்மையிலேயே தழும்பைக் குறைக்குமானால், அதை இந்தக் குழந்தைகளுக்குத் தராமல் இருப்பதும் அநியாயம்தான்.

நூற்றுக்குப் பதினைந்து என்ற தழும்பு விகிதம் பத்தாகக் குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல, வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி இரு பிரிவிலுமாகச் சுமார் 1,400 குழந்தைகள் இறுதிவரை இருக்க வேண்டும். பாதியில் நின்றுவிடுவோரையும் சேர்த்தால் இரண்டாயிரத்தை நெருங்கும். ஒரு மருத்துவமனையால் முடியாது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ போன்ற பெரிய மருத்துவமனைகள் கைகோத்தால் முடியும். நம் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்களுக்கு இது புதிதும் அல்ல. சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ரோடிக் நோய்க்கு ஸ்டீராய்டை மூன்று மாதம் கொடுத்தால் போதும், ஆறு மாதம் நீட்டுவதால் பலன் இல்லை என்று 181 குழந்தைகளைக் கொண்டு பல இந்திய மையங்கள் சேர்ந்து 2015இல் நிறுவிக் காட்டியிருக்கின்றன. உலகெங்கும் மருத்துவர்கள் அந்த முடிவை எடுத்துக்கொண்டார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். மருந்துக்கு ஆகும் செலவு அற்பம். வைட்டமினும் அதே நிறம், அதே சுவையுள்ள வெற்றுச் சிரப்பும் தயாரிக்க நம் அரசு நிறுவனங்களே போதும். சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடியில் கடைசியாக எப்போது வைட்டமின் ஏ கொடுத்தார்கள் என்பதை அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சிக்குழியையும் கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும். பெரும் செலவு ஸ்கேனில் இருக்கிறது. டிஎம்எஸ்ஏ ஸ்கேன் வசதி பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. ஆறு மாதம் கழித்துக் குழந்தை நன்றாக ஓடியாடுகிறபோது, தருமபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ அதை மறுபடி தூக்கிக்கொண்டு வருவதற்கு அந்தத் தாய்க்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும், இரண்டு நாள் கூலி இழப்புக்கு ஈடு வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும். முந்தைய ஆய்வுகள் பல இங்கேதான் தடுக்கி விழுந்தன. வரவுசெலவுத் திட்டத்தில் அந்தச் செலவை முதல் வரியில் எழுதட்டும்.